வெந்நீர்க்காரியின் மார்கழி

சோலார் ஹீட்டர் விற்கிற தொழிலில் கோடை முழுக்க ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள். எல்லாவற்றையும் சேர்த்து வைத்து மார்கழியில் சொல்வார்கள். கடை போன் அடித்தாலே எடுக்கத் தயங்குகிறவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

எங்கள் கடை தேனி அல்லிநகரத்தில், வீட்டோடு சேர்ந்தது. நான் எட்டாவதோடு நின்றவள். ஆர்டர் எழுதுவது நான், எந்த வீட்டுக்கு எந்த மாதிரி ஹீட்டர் என்று முடிவு செய்வது என் வீட்டுக்காரர் என்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. 2006 ஐப்பசியில் அவர் ஏணியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு படுத்துவிட்டார். அந்த மூன்று மாதம் எல்லா முடிவும் என் தலையில் விழுந்தது.

கோம்பைத் தண்ணீர்

முதல் புகார் கோம்பையிலிருந்து. ஒரு விவசாயி வீட்டில் குழாயில் வெந்நீர் நூல் மாதிரி வருகிறதாம். எங்கள் ஃபிட்டர் செல்வத்தோடு நானும் போனேன். மாடியில் வெயிலில் கிடக்கிற பலகையைப் பிரித்தால், உள்ளே செப்புக் குழாய் முழுக்க, இட்லிச் சட்டி அடியில் படியுமே, அந்த வெள்ளை உப்பு அடைத்துக் கிடந்தது. போர்வெல் தண்ணீர்.

ஹீட்டர் கம்பெனிக்காரரைக் கேட்டபோது இரட்டைச் சுவர் டேங்க் என்று ஒன்று இருப்பதைச் சொன்னார். அதில் பலகைக்குள் சுற்றுகிற தண்ணீர் வேறு, நாம் குளிக்கிற தண்ணீர் வேறு. சூடான பலகைத் தண்ணீர் இரண்டு சுவருக்கும் நடுவே சுற்றி, உள்ளே இருக்கிற தண்ணீரைக் காய்ச்சும். சுற்றினதே திரும்பத் திரும்பச் சுற்றுவதால் உப்பு சேராது. அதை மாட்டிக் கொடுத்தோம். முதலிலேயே தெரியாதா என்று விவசாயி திட்டப் போகிறார் என்று நான் கூனிக் குறுகி நின்றேன். அவர் வாசலில் படுத்திருந்த நாயைக் காட்டிச் சொன்னார்: "எங்க நாயே இந்தத் தண்ணிய மோந்து பாத்துட்டுப் போயிருது ஆத்தா, ஒம் மெஷின் மட்டும் எப்படிக் குடிக்கும்?"

மலையிலிருந்து ஒரு ஆர்டர்

அந்த வாரமே போடிக்காரர் ஒருவர் வந்தார். போடிமெட்டுக்கு மேலே, மூணாறு போகிற வழியில் அவருக்குத் தேயிலைத் தோட்டம். மகள் கைக்குழந்தையோடு மார்கழியில் தோட்டத்து வீட்டுக்கு வருகிறாள். விறகுப் புகை பிள்ளைக்கு ஆகாது, கரண்ட்டை நம்ப முடியாது. வெயில் அடிக்குமா என்று கேட்டேன். "பகல்ல சுள்ளுன்னு அடிக்கும். விடிகாலையில புல்லு மேல சீனி கொட்டின மாதிரி உறைபனி கெடக்கும்" என்றார்.

உறைபனி என்றதும் எங்கள் ஃபிரிட்ஜில் ஐஸ் பெட்டிக்குள் கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் வைத்து, அது வெடித்துச் சிதறினது ஞாபகம் வந்தது. பலகைக்குள் தண்ணீர் உறைந்தால் செப்புக் குழாய்க்கும் அதே கதிதானே? கோம்பைக்குப் போட்ட அதே இரட்டைச் சுவர் டேங்கையே போட்டு, பலகைக்குள் தண்ணீரோடு, லாரி ரேடியேட்டரில் ஊற்றுவார்களே, உறையாத மருந்து, அதைக் கலந்து விடலாமா என்று கம்பெனிக்காரரைக் கேட்டேன். உள்ளே இருக்கிற சுவர் ஓட்டையாகித் தொலைத்தால்கூடப் பிள்ளைக்குக் கெடுதல் வராத மருந்தாகப் பார்த்து அவரே அனுப்பினார். ஹீட்டருக்குப் போகிற குழாய், வருகிற குழாய் இரண்டுக்கும் மெத்தை மாதிரி உறை சுற்றச் சொல்லிச் செல்வத்தை மேலே அனுப்பினேன்.

வீட்டுக்காரருக்குச் சம்மதமில்லை. தேனியில் ஓடுகிறது அங்கே ஓடாதா, பத்து நாள் பனிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்றார். நான் விடவில்லை. கட்டுக்காலைத் தலையணையில் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னார்: "கொழா வெடிக்கலைன்னா ஒன்னயப் பாராட்ட ஒருத்தரும் வரமாட்டாக, வெடிச்சா மட்டும் தேனி பூராம் ஒம் பேருதான்."

எமன் திசை

கார்த்திகையில் வீரபாண்டியில் ஒரு வீடு. பலகை தெற்கே பார்த்து இருந்தால்தான் நம் ஊரில் வருஷம் முழுக்க வெயில் நிற்கும். அந்த வீட்டுப் பெரியவர் ஒரே பிடியாகக் கிழக்கே பார்த்துத்தான் வைக்க வேண்டும் என்றார். "தெக்கு எமன் தெச. குளிக்கிற தண்ணி அங்கன பாத்துக் காயணுமா?" கிழக்கே வைத்தால் மத்தியானத்துக்கு மேல் பலகை சும்மா கிடக்கும், மார்கழியில் பழி என் மேல் வரும். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், மனிதர் அசையவில்லை.

துணி காயப்போட வந்த அவர் மனைவி கிளிப்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஒரே வார்த்தைதான் கேட்டார்: "வியாழக்கெழம தவறாம தட்சிணாமூர்த்திக்கு வெளக்குப் போடுறீகளே, அவரு எந்தத் தெசையப் பாத்து உக்காந்திருக்காரு?"

சுபுஹுக்கு முந்தின வெந்நீர்

மார்கழி பிறந்ததும் உத்தமபாளையத்திலிருந்து ராவுத்தர் ஒருவர் போன் செய்தார். விடிகாலைச் சுபுஹுத் தொழுகைக்கு முன்னால் ஒளு செய்ய, கை கால் முகம் கழுவ, வெந்நீரைத் திறந்தால் ஜில்லென்று வருகிறதாம். மலைக்கு அனுப்பினதும் அதே கம்பெனி டேங்க். உத்தமபாளையத்துப் பனிக்கே சூடு நிற்கவில்லை என்றால் அங்கே பிள்ளையை எதில் குளிப்பாட்டுவார்கள்?

அடுத்த பஸ்ஸில் ஓடினேன். செல்வம் டேங்கைச் சுற்றிச் சுற்றித் தொட்டுப் பார்த்தார்; உறையில் ஒரு குறையும் இல்லை. அப்போதுதான் கொடியைப் பார்த்தேன். பதினோரு துண்டு காய்கிறது. வீட்டில் நாலு பேர் என்று சொல்லித்தான் டேங்க் வாங்கியிருந்தார். மகள்கள் இரண்டு பேரும் பிள்ளைகளோடு லீவுக்கு வந்து, சாயங்காலமே மொத்தத்தையும் குளித்துத் தீர்த்திருக்கிறார்கள். ராவுத்தர் துண்டுகளை எண்ணிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "டேங்கு மேல பழி போட்டது தப்புத்தேன் தாயி. அதுவாச்சும் விடிய விடிய முழிச்சிருக்கு, நாந்தேன் எம் மக்க வந்ததக் கணக்குல வைக்கல."

போடிக்காரர் போன்

மார்கழி பாதியில் மலையில் கடும் பனி என்று பஸ்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன். எடுத்தால் போடிக்காரர்.

"பக்கத்து பங்களாவுல ஹீட்டர் கொழா வெடிச்சுருச்சும்மா. கூரையிலருந்து ஐஸு விழுதாத் தொங்குது" என்று ஆரம்பித்தார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். கட்டிலிலிருந்து வீட்டுக்காரர், "என்னவாம், என்னவாம்" என்கிறார்.

"நம்மளதுலயும் ஒரு கொறை இருக்கு" என்றார் அவர். நான் புகார் எழுத நோட்டை இழுத்தேன். "வெந்நி ஆவி பறக்க வருது. பச்சத்தண்ணிக் கொழாதேன் உறைஞ்சு போச்சு, பிள்ளையக் குளிப்பாட்ட வெளாவுறதுக்குச் சொட்டுத் தண்ணி இல்ல. அந்தக் கொழாய்க்கும் ஒரு சட்டையத் தச்சு அனுப்பக் கூடாதாம்மா?"

வெந்நீர் விற்கிற எனக்குப் பச்சைத் தண்ணீர் வரவில்லை என்று வந்த அந்தப் புகாரைப் போல இனிப்பான புகார் அப்புறம் வரவேயில்லை, ஆனாலும் மார்கழி பிறந்தால் போனை இரண்டு கையாலும் பிடித்துத்தான் எடுக்கிறேன்.