உப்பு தின்ற செயின்

பழவேற்காட்டு நாகமுத்துவுக்கு ஓரிடத்தில் நிலைகொள்ளாது. ஏரியில் வலை போட்டுக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் படகைத் தம்பியிடம் விட்டுவிட்டு, மோட்டார் சைக்கிளில் இறால் கொண்டுபோகத் தொடங்கினார். கும்மிடிப்பூண்டியில் வியாபாரியின் ஐஸ் லாரி நிற்கும். அது கிளம்புவதற்குள் கூடைகள் போய்ச் சேர வேண்டும்.

தொல்லை கொடுத்தது செயின்தான். கூடையிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீரும் வழியெல்லாம் பறக்கும் மணலும் அதைத் தின்றன. ஓட்டும்போது காது பின்சக்கரத்திலேயே இருக்கும். சாப்பாட்டிலிருந்து பாதியில் எழுந்துபோய்ச் செயினை அழுத்திப் பார்ப்பார்.

1971-ல், ராணுவ ஏலத்தில் வந்த வெளிநாட்டு வண்டி ஒன்றைப் பொன்னேரி மெக்கானிக் பூவராகவன் காட்டினார். அதில் செயினே இல்லை. பின்சக்கரத்தைச் சுழற்றியது, மூடிய குழாய்க்குள் ஓடும் ஓர் இரும்புத் தண்டு.

"ஷாஃப்டுண்ணே. உப்பு உள்ள பூராது. ஆனா ஒடஞ்சா சாமான் கெடைக்காது, பாத்துக்க."

பின்பாதி நாகமுத்துவின் காதில் ஏறவில்லை. பழைய வண்டியைக் கொட்டகையில் தள்ளிவிட்டு இதை வாங்கினார்.

சில வருடம் நன்றாகவே ஓடியது. ஆனால் நிம்மதி வரவில்லை. செயின் அறுவதற்கு முன் கறகறவென்று சொல்லிவிடும். இது எதையும் சொல்லாது. அதுவே அவரை அரித்தது.

ஒருநாள் மனைவி அஞ்சம்மாளும் பின்னால் உட்கார்ந்து வந்தாள். கவரைப்பேட்டையைத் தாண்டும்போது அடியில் 'டக்'கென்று ஒரு சத்தம். எஞ்சின் உறுமியது, சக்கரம் சுற்றவில்லை. தண்டின் முனையிலிருந்த பல்சக்கரம் உடைந்துவிட்டது.

"செயினா இருந்தா ஒரு கண்ணி மாட்டிக்கினு போயிருப்பேன். லாரி பூடும், எறாலு நாறிடும்!" ரோட்டில் இங்குமங்கும் நடந்தார் நாகமுத்து.

"இன்னாய்யா, சும்மா சுத்திக்கினே கீற? எறாலு இன்னும் நல்லாத்தான கீது. கூடைய எறக்கு."

ரோட்டோரத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தாள் அஞ்சம்மாள். புதிதாக வந்த தொழிற்சாலையில் வேலை முடிந்து திரும்பியவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். கூடைகள் காலியாயின.

"அடுத்த வாரமும் வருவியாம்மா?" என்றார் ஒருவர்.

"வராம? இங்கதான் இருப்பேன்" என்றாள், கணவனைக் கேட்காமலே.

பல்சக்கரம் எங்கும் கிடைக்கவில்லை. பழைய வண்டியை வெளியே இழுத்து, உப்புத் தண்ணீர் படாதபடி செயினுக்கு ஒரு தகர மூடி அடித்துக் கொடுத்தார் பூவராகவன். மறுவாரம் அஞ்சம்மாளையும் கூடைகளையும் ஏற்றிக்கொண்டு நாகமுத்து கவரைப்பேட்டைக்குப் போனபோது, சாக்கு விரிக்கும் முன்பே ஏழெட்டுப் பேர் பையோடு நின்றிருந்தார்கள்.