தங்க ஓரத்தில் அம்மா வைத்த பொட்டு

அண்ணன் விட்டுவிட்டுப் போனவற்றில் ரொம்பப் பெரியது ஒரு கம்ப்யூட்டர். பேச்சுக்குப் பெரியது என்று சொல்லவில்லை. இரண்டு இரும்பு பீரோவை ஒட்டி வைத்தால் எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம், என் தலைக்கு மேல் உயரம். வீட்டில் வைக்க இடம் கிடையாது. அவன் வேலை பார்த்த பழைய இரும்புக் கடையின் பின்பக்க ஷெட்டில் நின்றது.

ராஜபாளையத்தில் மூடிப்போன ஒரு நூல் மில்லில் இருந்து வந்தது அது. கடை முதலாளி மில் சாமான்களை மொத்தமாக ஏலத்தில் எடுத்தபோது மோட்டார், பெல்ட், இரும்புக் கட்டில்களோடு அதுவும் லாரியில் ஏறி வந்துவிட்டது. அந்தக் காலத்தில் மில்லில் ஆட்களுக்குச் சம்பளம் போட அதை வைத்திருந்தார்களாம். இப்படி ஒன்று கடைக்கு வந்தால் முதல் வேலை வயரை அறுப்பது. செம்பு தனியாக, அலுமினியம் தனியாக, இரும்பு தனியாகப் பிரித்து எடைக்குப் போட்டுவிடுவார்கள். அண்ணன் வருடக்கணக்காக அந்த வேலையைத்தான் செய்தான். அன்றைக்கும் கையில் கட்டரோடுதான் அதன் கதவைத் திறந்தான். திறந்தவன் அறுக்கவில்லை. சாயங்காலம் வரை அதன் முன்னால் உட்கார்ந்தே இருந்தான் என்று முதலாளியே எங்கள் வீட்டில் வந்து சொன்னார்.

"ஏலே, இத வச்சிக்கிட்டா பொண்ணு பாக்கப் போவ?"

"ஆமா மொதலாளி. பொண்ணு வீட்டுல பீரோ தரலன்னா நம்மட்ட இருக்குன்னு சொல்லிருவேன்."

அந்த வருடம் போனஸ் வேண்டாம், அதைக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். அம்மா இரண்டு நாள் அவனோடு பேசவில்லை.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவள். பேண்டேஜ் துணி நெய்கிற இடத்தில் வேலை பார்க்கிறேன். கம்ப்யூட்டர் என்றால் எனக்கு ரேஷன் கடையிலும் பஸ் ஸ்டாண்டு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையிலும் பார்த்ததுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அண்ணன் என்னை ஷெட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வாட்ச் ரிப்பேர்காரரிடம் இரவல் வாங்கிய லென்ஸ் ஒன்றை என் கையில் கொடுத்தான். உள்ளேயிருந்து ஒரு சட்டத்தை இரண்டு கையாலும் எடுத்து, குழந்தையை வாங்குகிற மாதிரி மடியில் வைத்தான்.

"ஏட்டி, நீதான துணிக்காரி. இதுல பாவு எது, ஊடு எதுன்னு சொல்லு பாப்போம்."

லென்ஸை வைத்துப் பார்த்தேன். சட்டத்துக்குள் கம்பியால் நெய்த துணி இருந்தது. முடியைவிடக் கொஞ்சம் தடித்த கம்பி. பாவு மாதிரி நெடுக்கே ஒரு வரிசை, ஊடு மாதிரி குறுக்கே ஒரு வரிசை, அது போதாதென்று கோணலாகவும் ஒன்று. கம்பிகள் ஒன்றையொன்று கடக்கிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு கறுப்பு வளையம் கோத்திருந்தது. ஒரு கடுகின் மேல் அந்த வளையங்கள் நாலைந்தை வைக்கலாம். ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒன்றுகூட வரிசை தப்பவில்லை.

"இது என்னண்ணே?"

"ஞாபகம். அதோட ஞாபகம் பூராம் இதுலதான் இருக்கு. ஒவ்வொரு வளையமும் ஆமான்னு வச்சிக்கிடும், இல்லாட்டி இல்லைன்னு வச்சிக்கிடும். அம்புட்டுத்தான்."

"யாரு கோத்தா?"

"யாரோ பொம்பளைய. கையால. ஊசி வச்சு, லென்ஸ்ல பாத்துக் கோத்தாங்களாம்."

நாங்கள் நெய்வது புண்ணைச் சுற்றிக் கட்ட. ஒரு நாள் கட்டி அவிழ்த்துப் போட்டுவிடுவார்கள். ஏதோ ஒரு ஊரில் என்னை மாதிரி ஒருத்தி உட்கார்ந்து ஞாபகத்தை நெய்திருக்கிறாள். அது நம் ஊர் மில்லில் வந்து நின்று, எத்தனையோ பேருக்குச் சம்பளம் போட்டிருக்கிறது. ஞாபகம் என்றால் தலைக்குள் எங்கேயோ புகை மாதிரி இருப்பது என்று நினைத்திருந்தேன். அதைக் கண்ணால் பார்க்கலாம், விரலால் தொடலாம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் கையைக் கையைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

அண்ணனுக்கு இந்த வேலை முன்பே தெரியாது. போனில் வீடியோ பார்த்தான். புரியாததை ஸ்ரீவில்லிபுத்தூர் அண்ணாச்சியிடம் போய்க் கேட்டுக்கொண்டு வந்தான். அண்ணாச்சி கோர்ட்டைச் சுற்றி இருக்கிற டைப்பிங் கடைகளுக்கு பிரிண்டரும் யுபிஎஸ்ஸும் ரிப்பேர் பார்க்கிறவர். வீட்டில் நடக்க இடமில்லாமல் பழைய கம்ப்யூட்டர்களாகச் சேர்த்து வைத்திருப்பவர். "எங்க வீட்டுக்காரி என்னையவே ஸ்க்ராப்புக்குப் போடப்போறாடா" என்பாராம்.

வருடக்கணக்கில் தூங்கிய மெஷினுக்கு எடுத்தவுடன் கரண்ட் கொடுத்தால் உள்ளே வெடித்துவிடும். அதனால் கரண்ட் கொடுக்கிற பகுதியை மட்டும் தனியாகக் கழற்றி, கார் ஹெட்லைட் பல்புகளை அதில் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனான். பல்பு முதலில் சிவப்பாகக் கனியும். செத்த நேரம் கழித்து மஞ்சளாகும். வெள்ளையாக எரிகிற வரைக்கும் அவன் மூச்சு விடமாட்டான். கரண்டை ஒருவன் இப்படிக் கெஞ்சிக் கெஞ்சி உள்ளே கூப்பிட்டு நான் பார்த்ததே இல்லை.

போன ஆயுத பூஜைக்கு அதன் கார்டுகளையெல்லாம் துடைக்க உருவி, ஷெட்டில் ஒரு போர்வையை விரித்து வரிசையாக அடுக்கியிருந்தான். கார்டு என்றால் பச்சைப் பலகை, மேலே சின்னச் சின்ன சாமான்கள், அடி ஓரத்தில் தங்க நிறத்தில் பல் பல்லாகப் பட்டை. அந்தப் பட்டைதான் மெஷினுக்குள் செருகுகிற இடம், கரண்ட் அது வழியாகத்தான் உள்ளே போகும். இது அம்மாவுக்குத் தெரியாது. அண்ணன் பொரி வாங்கப் போன நேரத்தில் அம்மா சந்தனத்தைக் குழைத்து, ஒவ்வொரு கார்டுக்கும் பொட்டு வைத்து, குங்குமமும் வைத்துவிட்டாள். திரும்பி வந்த அண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"எம்மா! ஏம்மா இந்த ஓரத்துல போயி வச்ச?"

"பின்ன எங்க வைக்க? மேல பூராம் முள்ளு முள்ளா இருக்கு. இதான் தங்கமா, லட்சணமா இருக்கு."

அண்ணன் சிரித்துவிட்டான். பூஜை அன்றைக்கு யாராவது பொட்டை அழிப்பார்களா? "இருக்கட்டும், பொறவு தொடச்சிக்கிடுதேன்" என்று கார்டுகளைப் பேப்பரில் சுற்றி வைத்தான். அடுத்த வாரம் காய்ச்சல் என்று படுத்தான். எழுந்திருக்கவில்லை. டெங்கு என்றார்கள். அவனுக்கு இருபத்தேழு வயது.

இதற்கு மேல் அதைப் பற்றி எழுத என்னால் முடியவில்லை. சட்டை மாட்டும் ஆணியைப் பார்த்தால்கூட அழுகை வருகிறது.

மார்கழி பிறந்ததும் முதலாளி வந்து, ஷெட்டை இடித்துக் கட்டப் போகிறேன், பொங்கலுக்குள் அதை எடுத்துவிடுங்கள் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார். நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறினேன். கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் நின்றுகொண்டே போய் அண்ணாச்சி வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் ஒளிக்காமல் சொன்னார்.

"தாயி, ஓடுச்சுன்னா அப்பிடியே முழுசாக் கொண்டாந்து காலம் பூராம் வச்சிக்கிடுதேன். ஓடலன்னா பார்ட்ஸுக்குத்தான் ஆகும். இதே சாதி மெஷின் ஒண்ணு என்ட்ட அரைகுறையாக் கெடக்கு. அதுக்குப் பிரிச்சுப் போட்டுருவேன். பொய் சொல்லிக் கூட்டிட்டு வர மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை வந்தார். அம்மாவும் வந்து ஷெட் வாசலில் சாக்கைப் போட்டு உட்கார்ந்தாள். அண்ணாச்சி மெஷினைச் சுற்றிச் சுற்றி வந்தார். வயர்களுக்கு அண்ணன் கட்டியிருந்த முடிச்சுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "பய என்னமா செஞ்சிருக்கான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு போர்வையை விரித்து, கார்டுகள் இருந்த பேப்பர் கட்டைப் பிரித்தார். சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. குங்குமம் தங்கப் பல்லுக்கு இடையில் இறங்கிக் கெட்டிப்பட்டிருந்தது.

"இதத் தொடைக்கணுமே" என்று பையிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்தார்.

அம்மா எழுந்து வந்துவிட்டாள். "தொடாதிய தம்பி."

"யக்கா, இது இருந்தா கரண்ட் போவாது."

"போவாட்டி போவுது. எம்புள்ள உசுரோட இருக்கையில வச்ச பொட்டு. எங்கையால வச்சேன். அத அழிக்கச் சொல்லுதியளா? குங்குமத்த அழிக்கது லேசுப்பட்ட காரியமா?"

அண்ணாச்சி பாட்டிலை மூடிவிட்டார். நான் அம்மாவைப் பார்க்கவில்லை. அப்பா இறந்த அன்று அம்மாவுக்கு நடந்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. நெற்றியில் இருந்ததை அழித்தபோது அவள் கத்திய கத்தலும்.

"சரிக்கா" என்றார் அண்ணாச்சி. "அப்ப இப்பிடியே இருக்கட்டும். நான் வேணுங்கத மட்டும் கழட்டிக்கிடுதேன்."

"கழட்டவா? எத?"

"உள்ள உள்ளத. இதுல பாதி அங்க போவும். மிச்சம்…" சொல்லாமல் நிறுத்திவிட்டார். மிச்சம் எங்கே போகும் என்று பழைய இரும்புக் கடையில் நின்றுகொண்டு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா மெஷினைப் பார்த்தாள். அண்ணன் இருந்த காலத்தில் அவள் அதை ஒரு தடவைகூட நின்று பார்த்ததில்லை. இப்போதுதான் மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். அவன் பெயிண்ட் அடித்த கதவு, அடியில் அவன் மாற்றிய சக்கரங்கள், அவன் கட்டிய முடிச்சுகள். பிறகு போர்வையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முதல் கார்டை எடுத்து மடியில் வைத்தாள்.

"அந்தத் தண்ணியக் குடுங்க தம்பி. வச்சவதான் எடுக்கணும்."

நான் என் வேலையிடத்தில் இருந்து கொண்டு வந்திருந்த புதுத் துணியை நீட்டினேன். அண்ணாச்சி தொட்டுப் பார்த்து, "நூல் பிசிர் விழும் தாயி, ஆவாது" என்றார். அம்மா வேறு துணி கேட்கவில்லை. முந்தானை நுனியில் ஸ்பிரிட்டை ஊற்றி, தங்கப் பல்லை ஒவ்வொன்றாகத் துடைத்தாள். துவைத்துத் துவைத்து வெளுத்த வாயில் சேலை, அதில் பிசிரே கிடையாது. சின்ன வயதில் சாப்பிட்டு முடித்ததும் எங்கள் இரண்டு பேர் வாயையும் அந்த மாதிரிதான் துடைப்பாள், தாடையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு. கடைசிக் கார்டு முடிந்தபோது முந்தானை மஞ்சளும் சிவப்புமாக இருந்தது. அவள் அதை உதறவில்லை. இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அண்ணாச்சி கார்டுகளைச் செருகி, கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார். விசிறி முனகியது. முன்பக்கம் சின்னச் சின்ன பல்புகள் வரிசையாக இருக்கும், அதன் கீழே சுவிட்சுகள். மேல் வரிசை எரிந்தது. கீழ் வரிசை எரியவில்லை. ஒரு கார்டை உருவி மறுபடி அழுத்திச் செருகினார். அதுவும் எரிந்தது.

"இனிமே நான் சுவிட்ச் போட்டுப் போட்டு இதுக்கு ஒரு சின்ன வேலை சொல்லிக்குடுக்கணும். அதுக்கு முன்ன உள்ள என்ன குப்பை கெடக்குன்னு பாப்போம்" என்று ஒரு சுவிட்சைத் தூக்கினார். பல்புகள் மாறின. இன்னொரு தடவை தூக்கினார். உதடு அசைய எதையோ படித்தார். மறுபடியும் தூக்கினார். கை நின்றுவிட்டது.

"தாயி, இது குப்பை இல்ல."

"என்னண்ணாச்சி?"

"யாரோ வேலை சொல்லி வச்சிருக்காங்க. மில்லுக்காரன் போட்டது இல்ல இது. நான் உங்க அண்ணனுக்குச் சொல்லிக்குடுத்தது. கார்ட உருவுததுக்கு முன்ன அவன்தான் ஓட்டிப் பாத்து, போட்டிருக்கான். என்ட்டகூடச் சொல்லல."

"கரண்டே இல்லாம இத்தன நாளா எப்பிடி இருக்கும்?"

"அந்த வளையத்துக்குக் கரண்ட் வேண்டாம். ஒருக்கா சொன்னா வச்சிக்கிடும். திருப்பி யாராவது மாத்துத வரைக்கும்."

அண்ணனைக் கொண்டு போய், பதினாறாம் நாள் காரியம் முடித்து, அவன் சட்டைகளை எடுத்துக் கொடுத்து, எல்லாம் ஆகிவிட்டது. இத்தனைக்கும் நடுவில் இந்த இருட்டு ஷெட்டில், அணைந்த மெஷினுக்குள், ஆயிரக்கணக்கான கறுப்பு வளையங்கள் அவன் விரல் சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டு இருந்திருக்கின்றன. யாரும் அவற்றைப் பார்த்துக்கொள்ளச் சொல்லவில்லை.

"நீயே போடு" என்று அண்ணாச்சி ஒரு சுவிட்சைக் காட்டினார்.

போட்டேன். பல்புகள் நகர ஆரம்பித்தன. வலது ஓரத்தில் துடித்து, அடுத்ததுக்குத் தாவி, அதற்கடுத்ததுக்கு ஏறி, இடது பக்கம் போகப் போக மெதுவாகி, மறுபடி வலது ஓரத்தில் இருந்து. ஷெட் சுவரெல்லாம் மஞ்சள் வெளிச்சம் அலைந்தது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அம்மா எழுந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன செய்யுது அது?"

"எண்ணுதுக்கா. ஒண்ணோட ஒண்ணக் கூட்டிக்கிட்டே போவுது."

"எத எண்ணுது?"

"ஒண்ணையும் இல்ல. சும்மாதான்."

"எண்ணட்டும்" என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து, "அணைச்சா போயிருமா?"

"போவாதுக்கா."

"நெசமா?"

"நெசமாக்கா. நான் மாத்த மாட்டேன். முழுசாக் கொண்டு போறேன், அப்பிடியே வச்சிக்கிடுதேன்."

அம்மா தலையாட்டிய பிறகுதான் அவர் அணைத்தார்.

பொங்கலுக்கு முந்தின வாரம் அண்ணாச்சி மினி லாரி கொண்டு வந்தார். கூட வந்த ஏற்றுகூலிக்காரர்கள் நாலு பேரும் மெஷினைத் தூக்க முடியாமல் முக்கினார்கள். ஒருத்தர் மூச்சு வாங்கிக்கொண்டு கதவைத் தட்டிப் பார்த்தார்.

"என்னத்தா இம்புட்டுக் கனம்? உள்ள சாமான் ஏதும் வச்சிருக்கியளா? இருந்தா எடுத்துருங்க."

"இருக்கு" என்றாள் அம்மா. "எம்மவன் வச்சது. அத எடுக்க முடியாது. குலுங்காமத் தூக்குங்கய்யா."