கம்ப்யூட்டரில் முக்கியமாக ஒன்றும் இல்லையாம்

எங்கள் வீட்டில் எது கெட்டுப்போனாலும் முதலில் என் கையைத்தான் பார்ப்பார்கள். மோட்டார் ஓடவில்லையா, நான் சுவிட்சை மாற்றி அமுக்கியிருப்பேன். கேஸ் சீக்கிரம் தீர்ந்துவிட்டதா, நான் அடிக்கடி வெந்நீர் வைத்திருப்பேன். மாடியில் குடியிருந்தவர்கள் காலி செய்துகொண்டு போனால்கூட, நான் ஏதோ வாயை விட்டிருப்பேன். கடைசியாகச் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கலாம். மற்றதெல்லாம் அபாண்டம்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் கம்ப்யூட்டர் நின்றுபோனபோதும் அதேதான் நடந்தது. பூஜையில் வைத்த சாமானை மறுநாள் ஒருமுறையாவது எடுத்துப் புழங்க வேண்டும் என்று என் மகன் குளித்துவிட்டு வந்து பட்டனை அமுக்கினான். திரையில் கம்பெனி முத்திரை வந்தது. அதோடு சரி. அதற்கு மேல் நகரவில்லை. உள்ளேயிருந்து பீப், பீப் என்று சத்தம் மட்டும், ரிவர்ஸில் வருகிற ஸ்கூல் வேன் மாதிரி. பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தான். திரும்பப் போட்டான். திரும்ப முத்திரை, திரும்ப பீப். மூன்றாவது தடவை கம்ப்யூட்டரை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

“நேத்து இதுல என்னம்மா பண்ண?”

“நேத்து பூஜைல இருந்துச்சுடா அது. மாலை போட்டுகினு ஒக்காந்துகினு இருந்தத நான் இன்னா பண்ணப் போறேன்?”

“முந்தாநாள்?”

“முந்தாநாள் சீட்டு ஆடினேன். நான் தான் ஜெயிச்சேன். அதுக்குக் கோச்சுக்கினு நின்னுடுச்சா?”

சமையலறையிலிருந்து மருமகள் எட்டிப் பார்த்தாள். “அத்தை முறுக்கு சாப்பிட்டுக்கிட்டேதாங்க அது முன்னாடி உக்காருவாங்க” என்றாள். திருடனைப் பிடிக்கப் போலீஸுக்கு அடையாளம் சொல்கிற குரல்.

அந்தக் கம்ப்யூட்டர் பேத்திக்காக வாங்கியது. அவள் பொத்தேரியில் காலேஜ் சேர்ந்து, ஹாஸ்டலுக்குப் போய், கையில் தூக்கிக்கொண்டு திரிகிற மாதிரி ஒன்றை வாங்கிக்கொண்டாள். அவளுடைய பழைய குடை எனக்கு வந்த மாதிரியே இதுவும் எனக்கு வந்தது. கண்புரை ஆபரேஷனுக்குப் பிறகும் போனில் இருக்கிற எழுத்து எனக்கு எறும்பு மாதிரிதான் தெரிகிறது. இதில் ஒவ்வொரு எழுத்தையும் இட்லி அளவுக்குப் பெரிசாக்கிக்கொள்ளலாம்.

நான் அதில் சீட்டு ஆடுகிறேன் என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஆடினேன்தான், அரை மணி நேரம். எல்லோரும் வேலைக்குப் போன பிறகு மீதி நேரத்தில் நான் எழுதிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்பில் பாதி வரை படித்தவள், ஒற்றை விரலால், இரண்டு வருஷமாக. எங்கள் சேலையூர் நிலத்தைப் பிளாட் போட்ட மறுநாளே என் வீட்டுக்காரரின் அண்ணன் வெள்ளைச் சட்டைக்கும் தங்கக் கடிகாரத்துக்கும் மாறியது, பெண் பார்க்கப் போன அன்று என் மகன் ஆட்டோவை விட்டு இறங்க மாட்டேன் என்று அழுதது, மருமகள் வந்த முதல் வாரம் வைத்த சாம்பார், எல்லாம் இருக்கிறது. நூறு பக்கத்துக்கு மேல். யாருக்கும் தெரியாது. அந்த ஃபைலுக்கு ‘ரேஷன் கார்டு ஜெராக்ஸ்’ என்று பெயர் வைத்திருந்தேன். எங்கள் வீட்டில் அந்தப் பெயரைப் பார்த்து யாரும் திறக்க மாட்டார்கள்.

அதனால்தான் அந்த பீப் சத்தம் கேட்டதும் நான் கம்ப்யூட்டர் பக்கத்தைவிட்டு நகரவே இல்லை.

மகன் ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். அங்கே அவன் வேலை, வேலை கேட்டு வருகிறவர்களை உட்கார வைத்துக் கேள்வி கேட்பது. அதே மாதிரி நம் கம்ப்யூட்டரையும் கேள்வி கேட்டுக் கேட்டுப் பார்த்தான். ஒயரைப் பிடுங்கி முப்பது வரை எண்ணிவிட்டுச் சொருகினான். பெட்டியின் பக்கவாட்டுத் தகடைக் கழற்றினான். போன் வீடியோவில் யாரோ ஒருவன் இந்தியில் சொல்லச் சொல்ல, உள்ளேயிருந்து ரேம் என்று ஒரு குச்சியைப் பிடுங்கி, பேத்தியின் பழைய ரப்பரால் பரபரவென்று தேய்த்தான். வாயால் ஊதினான். உள்ளே இருந்த தூசி அத்தனையும் என் காபியில் வந்து இறங்கியது. திரும்ப மாட்டிப் போட்டால் அதே முத்திரை, அதே பீப்.

நான்கு நாள் இப்படிப் போனது. ஒவ்வொரு நாளும் முடிவில் ஒரு வாக்கியம் சொல்லுவான்: “எதையோ அமுக்கியிருக்கம்மா நீ.”

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் கையைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னான்.

“சனிக்கிழமை இதோட டிஸ்கைக் கழட்டி என் ஃப்ரெண்டுகிட்ட கொடுத்துடறேன். மொத்தமா அழிச்சுட்டு புதுசா எல்லாம் போட்டுக் கொடுப்பான்.”

“அழிச்சா, உள்ள கீறது?”

“அதுல முக்கியமா ஒண்ணும் இல்லம்மா. போட்டோ எல்லாம் போன்லயே இருக்கு. உன் சீட்டாட்டம் திரும்ப வந்துடும், கவலப்படாத.”

முக்கியமாக ஒன்றும் இல்லையாம். எனக்கு உச்சந்தலையில் ஏறிய சூடு இறங்கச் சோறு சாப்பிட்டு முடிக்கிற வரை ஆயிற்று. என் விரல் நுனியில் காய் காய்த்துப் போயிருக்கிறது, அதைப் பார்த்து ஒரு நாள் ஏன் என்று கேட்டானா? ஆனால் வாயைத் திறந்து, ‘அதில் நான் எழுதியது இருக்கிறது’ என்று சொல்லவும் முடியவில்லை. சொன்னால் எடுத்து வைக்கிறேன் என்று திறப்பான். திறந்தால் படிப்பான். முதல் பக்கமே அவன் ஆட்டோவில் அழுததுதான். சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் நூறு பக்கம் போகும். இரண்டுக்கும் நடுவில் எனக்கு வெள்ளிக்கிழமை ஒன்றுதான் இருந்தது.

இரண்டு பேரும் வேலைக்குக் கிளம்பியதும் ஒயர்களை எல்லாம் பிடுங்கினேன். எது நோயாளி என்று எனக்குத் தெரியாது. அதனால் திரையைத் தவிர எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். பெட்டியைப் பழைய பெட்ஷீட்டில் சுற்றினேன். கீபோர்டையும் மவுஸையும் காய்கறிக் கூடையில் போட்டேன். தெருமுனையில் நின்ற ஆட்டோவைக் கூப்பிட்டு, பெட்டியைத் தூக்கி என் மடியில் வைக்கச் சொன்னேன்.

“இன்னா ஆயா இது, மிக்ஸியா?”

“எம்புள்ளையோட மூளைப்பா. பள்ளத்துல வுட்டுறாம கேம்ப் ரோடுக்குப் போ.”

“பள்ளம் இல்லாம கேம்ப் ரோடு போவணும்னா பெரும்பாக்கம் சுத்தினு தான் ஆயா போவணும்.”

அங்கே ரிப்பேர் கடை வைத்திருப்பது ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். சுவரில் சிலுவை, அதன் கீழே திறந்து போட்ட பெட்டிகள் மலை மாதிரி. என் மடியிலிருந்து பெட்டியை ஒரே கையால் வாங்கி மேஜைமேல் வைத்தாள். நான் வியாதியை விவரமாகச் சொன்னேன். அவள் தன் திரையையும் தன் கீபோர்டையும் மாட்டிப் பட்டனை அமுக்கினாள். முத்திரை வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பீப் வரவில்லை. திறந்து பார்த்தால் பேத்தி வைத்த நாய்க்குட்டிப் படம் பளிச்சென்று நிற்கிறது.

“நல்லா தான ஆயா கீது. இன்னாத்துக்குத் தூக்கினு வந்த?”

“நாலு நாளா வூட்டுல மூச்சு வுடல மா. உன்னைப் பாத்ததும் எழுந்து ஒக்காந்துகினு என்னைப் பொய்காரி ஆக்குது பாரு.”

எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். இருந்தாலும் முதல் காரியம் முதலில். “மொதல்ல அதுல ஒரு ஃபைல் கீது, அத எடுத்து வேறெதுலயாவது போட்டுக் குடு” என்றேன். ரேஷன் கார்டு ஜெராக்ஸ் என்று சொன்னதும் தேடித் திறந்தாள். சரியானதுதானா என்று பார்ப்பவள் போல நடுவில் ஒரு பக்கத்தில் நிறுத்தி நாலு வரி படித்தாள். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது.

“ஆயா, இந்த சாம்பாரு வெச்சது யாரு, உன் மருமவளா?”

“நீ டாக்டர் வேலையப் பாரு மா. நோயாளியோட டைரியப் படிக்காத.”

ஒரு பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்தாள். நான் அதை முந்தானையில் முடிந்துகொண்ட பிறகுதான் எனக்கு நாற்காலியில் சாய்ந்து உட்கார முடிந்தது.

“பெட்டில ஒண்ணும் இல்ல. அப்ப வூட்டுல மாட்டியிருந்த சாமான்ல தான் கோளாறு. இன்னா இன்னா எடுத்துகினு வந்த?” என்று கேட்டாள். கூடையை நீட்டினேன். முதலில் மவுஸை மாட்டிப் போட்டாள். ஓடியது. அடுத்து அவளுடைய கீபோர்டை எடுத்துவிட்டு என்னுடையதை மாட்டிப் போட்டாள். முத்திரை. பீப், பீப். அப்படியே நின்றது. அவள் கீபோர்டைத் தூக்கிக் கண்ணுக்கு நேராகப் பிடித்தாள்.

“மூலைல இந்த பட்டன் கட்டை உள்ள போயி ஒட்டிகினு கீது பாரு ஆயா. யாரோ விரலை எடுக்காம அமுக்கினே கீறாங்கன்னு கம்ப்யூட்டர் நெனச்சுக்குது. வாசல்ல ஒருத்தன் பெல்லை அமுக்கினே நின்னா நீ அடுப்பு வேலைய எப்படிப் பாப்ப? அதான்.”

கீபோர்டைக் கவிழ்த்துத் தட்டினாள். பொரி விழுந்தது. உடைத்த கடலை விழுந்தது. ஒரு சாமந்தி இதழ் விழுந்தது. முறுக்குத் துணுக்கும் ஒன்றே ஒன்று விழுந்தது. அதை நான் கால் பெருவிரலால் மேஜைக்கு அடியில் தள்ளிவிட்டேன். வழக்குக்குச் சம்பந்தமில்லாத பொருள். பிறகு அவள் அந்த மூலைக் கட்டையை நெம்பி எடுத்தாள். அடியில் சந்தனம், சிமென்ட் மாதிரி இறுகிப்போய், மேலே குங்குமம்.

“யாரு ஆயா பொட்டு வெச்சது? நாலு மூலைலயும் வெச்சு நடுவுலயும் வெச்சு... பொங்கப் பானை மாதிரி கீது.”

யார் வைத்தது என்று கேட்டதும் பூஜையன்று என் மகன் நின்ற கோலம் எனக்கு அப்படியே கண் முன்னால் வந்தது. சரிகை வேட்டி, இடது கையில் சந்தனக் கிண்ணம், பன்னீர் ஊற்றி மோர் மாதிரி கரைத்த சந்தனம். பைக்குக்கு வைத்தான், கிரைண்டருக்கு வைத்தான், அப்புறம் இதற்கு. தண்ணியாக வழிந்தது என்று விரலால் அழுத்தி அழுத்தி வேறு வைத்தான். நான் அன்றைக்கு அந்தப் பக்கமே போகவில்லை. சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன்.

அவள் பஞ்சால் துடைத்து, கட்டையைத் திரும்பப் பொருத்தி, எந்த ஒயர் எங்கே என்று சொல்லி அனுப்பினாள். வீட்டுக்கு வந்து நானே மாட்டினேன். ஓட்டைக்குப் பொருந்துகிற ஒயர் உள்ளே போகிறது, பொருந்தாதது போகவில்லை. இதற்கா இவ்வளவு படிப்பு?

சாயங்காலம் மகன் உள்ளே வரும்போது நான் சீட்டு ஆடிக்கொண்டிருந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றான்.

“எப்படிம்மா ஓடுது?”

கீபோர்டிலிருந்து எடுத்த சந்தனக் கட்டியை ஒரு காகிதத்தில் மடித்து வைத்திருந்தேன். பிரித்து அவன் கையில் கொடுத்துக் கதையைச் சொன்னேன். அவன் அதை முகர்ந்து பார்த்தான்.

“இது எந்த வருஷத்துச் சந்தனமோ.”

இந்த இடத்தில் நான் என் மருமகளைப் பாராட்டியே ஆக வேண்டும். “இந்த வருஷத்துதாங்க” என்றாள். “நான் போட்டோ எடுத்து உங்க சொந்தக்காரங்க குரூப்ல போட்டேனே.” போனைத் தேடி எடுத்துக் காட்டினாள். அவன் குனிந்து, அத்தனை பக்தியோடு, அதே மூலையில் விரலை அழுத்திக்கொண்டு நிற்கிறான். கீழே பதினைந்து பேர் கைகூப்பியிருக்கிறார்கள்.

“சரி விடும்மா. சாமி காரியம். தெரியாம நடந்தது” என்றான்.

பார்த்தீர்களா? நான் அமுக்கினால் குற்றம், அவன் அமுக்கினால் சாமி காரியம். நாலு நாள் என்னைக் கூண்டில் நிறுத்தியவன், தன் முறை வந்ததும் கோர்ட்டையே கலைத்துவிட்டான்.

“அப்ப எம்மேல தப்பில்லன்னு ஒரு வார்த்தை சொல்லுடா.”

“அதான் ஓடுதேம்மா, இன்னும் என்ன?” என்றவன், திடீரென்று என்னை உற்றுப் பார்த்தான். “ஆமா, சீட்டு ஆடறதுக்கா இதைத் தூக்கிக்கிட்டு ஆட்டோல போன? அப்படி என்ன இருக்கு அதுல?”

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு வராததா? ஆனால் ‘முக்கியமா ஒண்ணும் இல்ல’ என்று அவன் சொன்னதை என்னால் மறக்க முடியவில்லை.

“நான் எழுதினது கீது. ரெண்டு வருஷமா எழுதறேன்.”

“என்னத்த?”

“இந்த வூட்டுல நடக்கறத.”

மருமகள் டிவியின் சத்தத்தை நிறுத்தினாள். அந்த சீரியலுக்கு அவள் சத்தம் நிறுத்தி நான் பார்த்ததே இல்லை.

“என்னைப் பத்தி இருக்கா அத்தை?”

“பதினோரு பக்கம்.”

“நல்ல விதமாவா?”

“உன் கல்யாணம் வரைக்கும் நல்லா தான் மா போவுது.”

“என்னைப் பத்தி?” என்றான் மகன்.

“உனக்குன்னு தனியா இல்லடா. எங்க தொறந்தாலும் நீ தான் கீற.”

“காட்டு.”

“முடிஞ்சதும் காட்டறேன்.”

“எப்ப முடியும்?”

“நீங்க ரெண்டு பேரும் பேசறத நிறுத்தினா முடியும்.”

அன்றிலிருந்து வீட்டில் எனக்குச் சாயங்காலக் காபி கேட்காமலே வருகிறது. இரண்டு பேருக்கும் சண்டை வந்தால் மாடிப்படிக்குப் போய் முணுமுணுக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வார்த்தை மட்டும் இன்னும் வரவில்லை. மாடியில் புதிதாகக் குடிவந்தவரிடம் மகன், “கீபோர்டு பழசாயிடுச்சு சார், அதான் பிரச்சன” என்று சொன்னதை என் காதால் கேட்டேன்.

போன வாரம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அம்மா, நீ என்ன வேணா எழுதிக்கோ. அந்தச் சந்தன விஷயத்த மட்டும் எடுத்துடு. சொந்தக்காரங்க படிச்சா சிரிப்பாங்க.”

“எம்மேல தப்பில்லன்னு எல்லார் முன்னாடியும் சொல்லு. எடுத்துடறேன்.”

சுவரில் காலண்டரைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றான். நீங்கள் இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், ஞாயிற்றுக்கிழமை வந்து போய்விட்டது, அவன் சொல்லவில்லை.