கம்ப்யூட்டரில் இருந்த ஏலப்பூ

என் வீட்டுக்காரருக்குக் குப்பை என்றால் ஆகாது. கம்பத்தில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கிறார். காயில் ஒரு காம்பு ஒட்டியிருந்தாலும் கிள்ளி எறிந்துவிட்டுத்தான் மறுவேலை. அதே கையோடு வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரையும் சுத்தம் பண்ணுவார். துணியால் இல்லை, மென்பொருளால். இணையத்தில் இலவசமாகக் கிடைத்தது. ரிஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்தால் பழைய கம்ப்யூட்டர் புதுசு மாதிரி ஓடும் என்று யாரோ சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்.

எந்த மென்பொருள் எங்கே இருக்கிறது, அதற்கு என்ன அனுமதி என்றெல்லாம் கம்ப்யூட்டர் தனக்காகக் குறித்து வைத்திருக்கும் இடம்தான் ரிஜிஸ்ட்ரி. அதில் வேண்டாததைக் கண்டுபிடித்து இது அழிக்குமாம். வேண்டியது எது, வேண்டாதது எது என்று அதற்கு எப்படித் தெரியும் என்று கேட்டால் சிரிப்பார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து, சாப்பிட்டு, உட்கார்ந்து அமுக்குவார். சிவப்பு எழுத்தில் நூற்றுக்கணக்காகப் பிழை காட்டும். அத்தனையும் அழித்துப் பச்சை டிக் விழுந்ததும் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவார். வேகம் என்னவோ அதே ஆமை வேகம்தான்.

ஒரு தடவை இப்படிச் சுத்தம் பண்ணியதில் பிரிண்டர் வேலை செய்யாமல் போயிற்று. அழிப்பதற்கு முன்னால் அந்த மென்பொருள் எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளும். ரீஸ்டோர் என்று ஒரு பொத்தான் இருந்தது. நான்தான் தேடிப் பிடித்து அமுக்கினேன், பிரிண்டர் திரும்பி வந்தது. அத்தோடு விட்டிருக்கலாம். அவருடைய தங்கச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, நீங்கள் கை வைத்தால் எதுதான் விளங்கும் என்று பொரிந்து தள்ளினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், தெருவுக்கே தெரியும். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனார்.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் நான் எம்ப்ராய்டரி மெஷினுக்கு டிசைன் வரைவேன். பூவும் மயிலும் யாரும் வரையலாம். மேகமலையில் ஒரு மழைக்காலத்தில் ஏலச்செடிக்கு அடியில், தரையோடு தரையாகப் பூ பூத்துக் கிடந்ததைப் பார்த்தேன். வெள்ளை இதழ், நடுவில் ஊதா வரி. அதை வரைந்து சரியாகத் தையலில் கொண்டுவர அந்த மழைக்காலம் பூராவும் ஆயிற்று. நாத்தனார் அதைப் பார்த்துவிட்டு, என் கல்யாண முக்காட்டுக்கு இந்தப் பூதான் வேண்டும் மதினி என்று சொல்லிவிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால் என்னைப் பெற்ற அத்தாவுக்குக் கண் ஆபரேஷன். பார்த்துக்கொள்ளச் சின்னமனூர் போய்விட்டேன். ஒரு மத்தியானம் இவர் போன் பண்ணினார். அத்தாவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார், சொன்னேன். அப்புறமும் போனை வைக்கவில்லை. எனக்கோ சொட்டு மருந்து விடுகிற அவசரம்.

"என்னத்த ஒடச்சுத் தொலச்சீக இப்ப?" என்றேன். சும்மா, வாய்க்கு வந்ததுதான்.

"ஒண்ணுமில்ல புள்ள" என்று வைத்துவிட்டார்.

ஊருக்குத் திரும்பிப் பார்த்தால் கம்ப்யூட்டர் பறக்கிறது. என் டிசைன் மென்பொருள் இல்லை. ஏலப்பூ இல்லை. நான் வரைந்த எதுவுமே இல்லை.

நான் வருவதற்குள் வேகமாக்கி வைக்கலாம் என்று சுத்தம் பண்ணியிருக்கிறார். டிசைன் மென்பொருள் திறக்காமல் அனுமதி எண்ணைக் கேட்டு நின்றிருக்கிறது. பதறிப்போய் கம்ப்யூட்டரைத் தேனியில் ஒரு கடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டும், எதை எடுத்து வைக்கட்டும் என்று கடைக்காரர் கேட்டாராம். போட்டோக்களை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார். டிசைன் எல்லாம் அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கும், அது வந்தால் கூடவே வந்துவிடும் என்று நினைத்திருக்கிறார் மனுஷன்.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரீஸ்டோர அமுக்கச் சொல்லியிருப்பேன்ல மச்சான்? அன்னைக்குப் போன் பண்ணுனீகள்ல?"

"அதுக்குத்தான் பண்ணேன். நீ எடுத்த எடுப்புலயே அப்பிடிக் கேட்டியா, சொல்ல வாய் வரல புள்ள."

திட்டுவதற்கு எவ்வளவோ வைத்திருந்தேன். எழுந்து போய் அவருக்குச் சோறு போட்டேன்.

நாத்தனாருக்கு மதுரையில் ரெடிமேட் முக்காடு வாங்கினோம். நன்றாகத்தான் இருந்தது. நன்றாயிருக்கு மதினி என்று அவளும் இரண்டு முறை சொன்னாள். பூவை மறுபடி வரைந்து பார்த்தேன், அந்த ஊதா வரி கூடிவரவில்லை. ஆனால் பூவைக்கூட ஒரு நாள் வரைந்துவிடுவேன், அவரை வாய் திறக்க வைப்பதுதான் எப்படியென்று தெரியவில்லை.

இப்போதெல்லாம் அவர் போன் வந்தால், சொல்லுங்க மச்சான் என்று மட்டும் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்கிறேன். அந்தப் பக்கம் கடையில் ஏலக்காய் சலிக்கிற சத்தம் மட்டும் கேட்கும்.

"ஒண்ணுமில்ல புள்ள. சும்மாதான் பண்ணேன்" என்பார்.