மதுரை ஆஸ்பத்திரியில் கால்மாட்டில் உட்கார்ந்த கதை

திருத்தங்கல் பக்கமிருந்து மதுரைக்கு இருதய வைத்தியத்துக்குப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். நான் படித்தது அஞ்சாம் வகுப்புதான். ஆனால் வண்டி பேசியது, டாக்டரிடம் கேள்வி கேட்டது, இதை எழுதுவது எல்லாம் நானேதான். பேத்தி நான்சி எழுத்துப்பிழை மட்டும் பார்த்தாள்.

எங்க வீட்டுக்காரர் முப்பது வருஷம் வெடி கம்பெனியில் போர்மேன். இந்தத் தீபாவளி சீசன் முடிந்ததும் அவருக்கு நெஞ்சுத் துடிப்பு தாறுமாறாகிவிட்டது. நாலு அடி ஓடும், ஒரு அடி நிற்கும், மறுபடி விரட்டும். மாத்திரை போட்டால் தலைசுற்றல். ரத்தக்குழாய் வழியாகக் கம்பி விட்டுச் சூடு வைக்கிற வைத்தியம் வேண்டவே வேண்டாம் என்றுவிட்டார். மதுரையில் நர்ஸாக இருக்கிற நான்சிதான், காதில் கிளிப் மாட்டி லேசாகக் கரண்டு கொடுத்து, நெஞ்சை அமர்த்துகிற நரம்பைத் தூண்டுகிற முறையைச் சொன்னாள். "இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு ஆச்சி, எல்லாருக்கும் கேக்காது" என்றும் சொன்னாள். எங்களுக்கு வேறு வழி இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். எழுபது கிலோமீட்டர், போக மட்டும் வாடகை 2,000. ஆமத்தூர் தாண்டும்வரை எதிரே ஆள் ஏற்றின கம்பெனி வேன்கள்தான். விருதுநகர் வரும்போது அவர் பேச்சு நின்றுவிட்டது. கையைப் பிடித்தேன். நாடி பிடிகொடுக்காமல் துள்ளியது.

"நிப்பாட்டவா ஆச்சி? இங்கன ஆஸ்பத்திரி இருக்கு" என்றார் டிரைவர்.

"ஒண்ணுமில்ல, நீ ஓட்டுலே" என்றார் இவர்.

"சட்டை நனைஞ்சு போச்சு, ஒண்ணுமில்லையாம்!" என்றேன். எதைக் கேட்டாலும் அவரிடம் அந்த ஒரு பதில்தான்.

ஏழேகாலுக்கு நான்சி வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம். ஒன்பதுக்குக் கூப்பிட்டார்கள். அறை வாசலில் செருப்பைக் கழற்றினார். "போட்டுக்கிடலாம் தாத்தா" என்றாள் நான்சி. கேட்கவில்லை. கம்பெனியில் வெடிமருந்து அறைக்குள் வெறுங்காலோடுதான் போகணும். அதற்கு முன்னால் செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பில் ஏறின கரண்டை இறக்கணும். இங்கே தகடு இல்லையே, ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டுப் படுத்தார். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

காதுத் துவாரத்துக்கு முன்னால் இருக்கிற சின்ன மேட்டில் கிளிப்பை மாட்டினார்கள். கரண்டை மெல்ல ஏற்றுவார்கள். வலிக்கிறது என்றதும் கொஞ்சம் இறக்கி அங்கேயே வைப்பார்கள். அளவு நோயாளி வாயில்தான் இருக்கிறது.

"வலிக்குதாய்யா?"

"இல்லம்மா."

"இப்போ?"

"ஒண்ணுமில்ல."

முகம் கல் மாதிரி இருந்தது. நான் காலைப் பார்த்தேன். வலது பெருவிரல் உள்ளே மடங்கி வெளுத்துக் கிடந்தது. முன்னே ஒரு தடவை தேள் கொட்டினபோதும் இப்படித்தான் மடங்கியது.

"நிப்பாட்டுங்கம்மா! பொய் சொல்லுதாக!"

டாக்டரம்மா கரண்டை நிறுத்துவதற்குள் திரையில் தொண்ணூறாக இருந்த துடிப்பு நாற்பத்திரண்டுக்கு விழுந்துவிட்டது. மிஷின் கத்தியது. நான்சி காலிரண்டையும் தூக்கிப் பிடித்தாள். நாற்பது. எனக்கு ஜெபம்கூட வாயில் வரவில்லை. பிறகு ஐம்பது. அறுபத்தாறு.

"வலிக்குதுன்னு நீங்க சொல்லாட்டி நான் ஏத்திக்கிட்டேதானய்யா போவேன்?" என்றார் டாக்டரம்மா.

"போர்மேன் முகம் சுளிச்சா நாப்பது பேரு பயந்து எந்திரிச்சிருவாகம்மா. வெடிமருந்துக்கு முன்னால அது ஆகாது."

"இங்கன மருந்தும் இல்ல, நாப்பது பேரும் இல்ல. நான் ஒருத்திதான். நான் ஓடமாட்டேன், சொல்லுங்க" என்றேன்.

அன்றைக்கு அதோடு விட்டார்கள். ராத்திரி வார்டில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுநாள் முதலிலிருந்து ஏற்றினார்கள். கொஞ்சம் ஏறினதும் அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே, "வலிக்குது" என்றார். கல்யாணமாகி நாற்பத்தாறு வருஷத்தில் அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன்.

இப்போது வீட்டில் தினம் ஒரு மணி நேரம் அந்தக் கிளிப்பை மாட்டிக்கொள்கிறார். சில நாள் துடிப்பு ஒழுங்காக இருக்கிறது, சில நாள் பழையபடி. முழுசாகக் கேட்குமா என்று டாக்டரம்மாவே சொல்லவில்லை. ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொன்னார்.

போகிறவர்கள் பழைய ஈசிஜி எல்லாம் எடுத்துப் போங்கள். காதுக் கிளிப்பை நீங்களாக வாங்கி மாட்டிவிடாதீர்கள், முதல் தடவை டாக்டர் பக்கத்தில் இருக்கணும். கூடப் போகிறவர் தலைமாட்டில் உட்காராதீர்கள். செருப்பைக் கழற்றச் சொல்லிவிட்டு, கால்மாட்டில் உட்காருங்கள்.