ஒரு சொல்லுக்கு ஒரு பொருள்

எனக்கு ஒழுங்கு பிடிக்கும். வீட்டில் செருப்புகள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து இருக்க வேண்டும், டப்பாக்களுக்கு அதனதன் மூடி இருக்க வேண்டும். இதைச் சொல்லி என் தங்கை என்னை ஓட்டாத நாளில்லை. அந்தக் குணத்துக்கே சம்பளம் கொடுத்து ஒரு கம்பெனி என்னை மலேசியாவின் கேமரன் மலைக்கு அனுப்பியபோது, அவள் வாயை அடைத்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

நான் போனது ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு. அங்கே செயற்கை நுண்ணறிவிடம் கேட்டுப் பதில் சொல்லும் செயலிகள் ஏற்கெனவே முளைத்திருந்தன. கிளினிக்குக்கு ஒன்று, லீவு கேட்க ஒன்று, டூரிஸ்டுகள் வந்து டீ குடிக்கும் கடைக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் தனக்குத் தெரிந்த மாதிரி கட்டியிருந்தார்கள். மருத்துவ லீவு எத்தனை நாள் என்று கேட்டால் கிளினிக் செயலி ஒன்று சொல்லும், லீவு செயலி இன்னொன்று சொல்லும். இனிமேல் யார் எந்தச் செயலியைக் கட்டினாலும் ஒரே பொதுப் பெட்டியிலிருந்து சாமான் எடுத்துத்தான் கட்ட வேண்டும். அந்தப் பெட்டியைச் செய்து கொடுப்பதுதான் என் வேலை.

கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணி அதற்கு அஞ்சறைப் பெட்டி என்று பேர் வைத்துவிட்டார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்த மனிதர், கிண்டலுக்குக் குறைவில்லை. ஆனால் பேர் பொருத்தம்தான். உள்ளே இருந்தவை ஐந்து. மாடல் என்கிற அந்தச் செயற்கை நுண்ணறிவிடம் போக ஒரே வாசல், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்ற கட்டளை அச்சுகள், சொற்பட்டியல், பதில்களைச் சோதித்துப் பார்க்கும் கேள்விகள், யார் என்ன கேட்டார்கள் என்ற பதிவு. மாடலுக்குத் தமிழைவிட இங்கிலீஷ் நன்றாக வரும் என்பதால், ஆட்கள் தமிழில் பேசுவதைப் பெட்டி இங்கிலீஷாக்கி உள்ளே அனுப்பும், வருவதைத் தமிழாக்கி வெளியே விடும். எந்தச் சொல்லை எப்படி மாற்ற வேண்டும் என்று சொற்பட்டியல்தான் முடிவு செய்யும்.

அந்தப் பட்டியலுக்கு நான் போட்ட சட்டம், ஒரு சொல்லுக்கு ஒரு பொருள். வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதி அடிக்கோடும் போட்டேன். முதலில் பெட்டிக்குள் வந்தது கிளினிக் செயலி என்பதால் கிளினிக்கின் சொற்களே முதலில் ஏறின. காய்ச்சல், ஊசி, சீட்டு, மருந்து. மருந்து என்றால் நோய்க்குக் கொடுப்பது. அதற்கு எதிரே பச்சைக் குறி போட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போனேன். யோசிக்கக்கூட இல்லை.

இதில் எனக்கு ஒரு சாக்கும் கிடையாது. நானே மலைக்குக் கீழே, பாமாயில் எடுக்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். என் அம்மா பத்து வருஷம் முதுகில் பம்ப் கட்டிப் புல்லைக் கொல்லும் விஷம் அடித்தவர். மருந்து அடிச்சிட்டு வந்திருக்கேன், குளிக்கிற வரைக்கும் கிட்ட வராத என்று வாசலிலேயே எங்களை நிறுத்துவார். இருமலுக்குக் கொடுத்ததையும் அவர் மருந்து என்றுதான் சொன்னார். ஒரு நாளும் எங்களுக்குக் குழப்பம் வந்ததில்லை. குழப்பம் வராததால்தான் எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

அடுத்துக் கட்டிய செயலி மருந்தடிக்கும் கும்பலுக்கு. ஐந்து பெண்கள், அவர்களுக்குக் கங்காணியாக ஒரு பெண். எந்தக் காட்டில் எவ்வளவு கலக்க வேண்டும், அடித்த பிறகு எத்தனை நாள் கழித்துக் கொழுந்து எடுக்கலாம், மேலே பட்டால் என்ன செய்வது, எல்லாவற்றையும் கைப்பேசியில் பேசியே கேட்கலாம். காடு என்று அங்கே சொல்வது தேயிலை மலையைத்தான். அதைக்கூட மறக்காமல் பட்டியலில் ஏற்றினேன். பெட்டி கையில் இருந்ததால் இரண்டே நாளில் செயலி தயார். சோதனைக் கேள்விகளை நானே உட்கார்ந்து டைப் செய்தேன். 'களைக்கொல்லி கண்ணில் பட்டால் என்ன செய்ய வேண்டும்?' உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் கழுவுங்கள், மருத்துவமனைக்குப் போங்கள் என்று பதில் கச்சிதமாக வந்தது. எல்லாக் கேள்வியும் பச்சை. அந்தத் தோட்டத்தில் ஒரு ஜீவனாவது களைக்கொல்லி என்று வாய் திறந்து சொல்லுமா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில் அந்தப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். என்னை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. சிவப்புக் கம்பளித் தொப்பி போட்ட ஒருவர், என் வயதுதான் இருக்கும், கோபமாகக் கேட்டாலும் பதில் சொல்லுமா என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைத்தார். நான் சிரிக்காமல் சொன்னது இன்னும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"நீங்களா ஒண்ணும் செஞ்சிறாதீங்க. என்ன ஆனாலும் மொதல்ல கேளுங்க. அது சொல்ற மாதிரியே செய்ங்க. அப்பதான் எல்லாரும் ஒரே மாதிரி செய்வோம்."

கங்காணி தலையாட்டினார்.

மறுநாள் சனிக்கிழமை, பள்ளி விடுமுறை. ஆபீசில் துரைக்குப் பதிவுத் திரையைக் காட்டிக்கொண்டிருந்தேன். மேனேஜர் தமிழர்தான் என்றாலும் அங்கே எல்லாருக்கும் அவர் துரை. காலை ஒன்பது மணி தாண்டியிருக்கும். திரையில் புதிதாக ஒரு வரி வந்து விழுந்தது. மருந்தடிக்கும் கும்பலிடமிருந்து வந்த முதல் உண்மையான கேள்வி. பாருங்க சார், ஆரம்பிச்சிட்டாங்க என்று நானே விரலை வைத்துக் காட்டினேன்.

கேள்வி: 'கண்ணுல மருந்து பட்டுருச்சு, என்னா செய்யலாம்?'

பதில்: 'மருந்து கண்ணுக்குள் போனதும் கண்ணை மூடிக்கொண்டு சிறிது நேரம் அமைதியாக இருங்கள். கண்ணைக் கசக்க வேண்டாம். தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டாம்.'

பக்கத்தில் பச்சைக் குறி. நல்ல தமிழ், நிதானமான பதில். ஒரு மூச்சு நேரம் எனக்கே பெருமையாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அப்புறம்தான் கழுவ வேண்டாம் என்பது கண்ணில் பட்டது. கீழே இங்கிலீஷ் வரியைத் திறந்து பார்த்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டதாக மாடல் எடுத்துக்கொண்டிருந்தது. சொட்டு மருந்துக்கு அது சொன்னது முழுக்கச் சரி.

பதிவு திரைக்கு வர எப்போதும் கொஞ்சம் தாமதமாகும், அவர்கள் கேட்டே நான்கு நிமிடம் ஆகியிருந்தது. கங்காணிக்கு அடித்தேன். அந்த மலையில் லைன் வந்து வந்து போகும், இப்போது இல்லை. தண்ணி ஊத்துங்க, உடனே ஊத்துங்க என்று எழுதி அனுப்பினேன். ஒற்றை டிக்கோடு நின்றது. மறுபடி அடித்தேன். துரை என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். திரையை எட்டிப் பார்த்த கிராணிதான் சாவியை எடுத்துக்கொண்டு, வாம்மா, பேசிட்டு இருக்க நேரமில்ல என்று ஃபோர் வீல் ஜீப்புக்கு ஓடினார்.

அந்தக் காட்டுக்குப் போக மெயின் ரோட்டில் கொஞ்ச தூரம் ஏற வேண்டும். விடுமுறை என்பதால் கியா பார்ம் வரைக்கும் டிராபிக் ஜேம். ஸ்ட்ராபெரி வாங்க வந்தவர்கள் காரைப் பாதி ரோட்டில் விட்டிருந்தார்கள். எதிரே திரிங்காப்பிலிருந்து கோஸ் ஏற்றி வந்த ஒரு லாரி, நகரவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நின்றது. கிராணி ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. நான் நிமிடங்களை எண்ணிக்கொண்டு, அவர்கள் என் செயலியை நம்பியிருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தேன். இத்தனை மாதம் உழைத்துச் செய்த ஒன்றை யாரும் நம்பிவிடக் கூடாது என்று வேண்டுவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தோட்டத்துப் பாதை பிரியும் இடம் கண்ணில் பட்டதும் இறங்கி ஓடினேன். பாதி மலை ஏறுவதற்குள் கிராணி லாரியைத் தாண்டி வந்து என்னை ஏற்றிக்கொண்டார். நான் ஓடியதில் லாபம் ஒன்றும் இல்லை. ஆனால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

சிவப்புத் தொப்பிக்காரர்தான். கவிழ்த்துப் போட்ட வாளி மேல் உட்கார்ந்திருந்தார். இரண்டு கையும் மடியில். இரண்டு கண்ணும் மூடியிருந்தன. வலது கண்ணோரம் நீர் வழிந்துகொண்டே இருக்க, அதைத் துடைக்கக்கூட அவர் கையைத் தூக்கவில்லை. மற்ற பெண்கள் சுற்றி நின்றார்கள். அவருக்கு இரண்டடி தள்ளி நீல டிரம் நிறையத் தண்ணீர்.

நான் அவரைத் தோளைப் பிடித்துச் சாய்த்தேன். கங்காணி சொம்பு சொம்பாக மொண்டு ஊற்ற, நான் அவர் இமையை விரலால் பிரித்துப் பிடித்துக்கொண்டேன். கிராணி கடிகாரத்தைப் பார்த்து இன்னும், இன்னும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். பனியில் பாதுகாப்புக் கண்ணாடி மங்கிப்போனதால் அந்த அக்கா அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அடித்திருக்கிறார், பம்பின் குழாய் கழன்று தெறித்திருக்கிறது. இதைச் சொல்லிக்கொண்டே ஊற்றிய கங்காணி, அடுத்த சொம்பை மொண்டபடியே என்னைப் பார்த்தார்.

"மொதல்ல தண்ணியத்தான் மொண்டேன், டீச்சர். சொம்பு கையிலதான் இருந்துச்சு. நீங்க கேட்டுட்டு செய்யச் சொன்னீங்களேன்னு கீழ வெச்சிட்டேன்."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தான் சரியாகச் செய்தோமா என்று கேட்டார், அவ்வளவுதான். அவர் என் கன்னத்தில் இரண்டு அறை விட்டிருந்தால் தேவலை என்று எனக்கு இருந்தது. இத்தனை வருஷம் யாரும் சொல்லிக் கொடுக்காமலே அந்தக் கை செய்யத் தெரிந்த ஒரு காரியத்தை, நான் ஒரு காலைப் பொழுதில் நிறுத்திவிட்டேன்.

தானா ராத்தா ஆஸ்பத்திரியில் மறுபடியும் கழுவினார்கள். டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு, கருவிழியின் மேல்தோல் வெந்திருக்கிறது, பார்வை போகாது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் இரண்டு நாள் பார்த்துத்தான் உறுதியாகச் சொல்ல முடியும் என்றார். சீக்கிரமே கழுவியிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது என்றும் சொன்னார். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்து பெட்டியின் வாசலை அடைத்தேன். ஒரே வாசல் என்பதால் ஒரே அடைப்பில் எல்லாம் நின்றுபோயின, கிளினிக், லீவு, டீக்கடை எல்லாமே. அதுவும் நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்த வசதிதான். தனித்தனியாகக் கட்டிய காலத்தில் கிளினிக்கின் மருந்து கிளினிக்கிலேயே கிடந்தது, அதைக் காட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனது என் பொதுப் பெட்டி. பத்து நிமிடத்தில் துரை கூப்பிட்டார். கடையில் கூட்டம் அலைமோதுகிறது, அந்த ஒன்றையாவது திறந்துவிடக் கூடாதா என்று தன்மையாகத்தான் கேட்டார். திறக்க மாட்டேன் என்றேன். என் சொற்பட்டியலில் இன்னும் எத்தனை மருந்து ஒளிந்திருக்கிறது என்று எனக்கே தெரியாது சார் என்றேன். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. அவர் போனை வைத்துவிட்டார்.

உள்ளே போனபோது நர்ஸ் சின்னக் குப்பி ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். தமிழ்ப் பெண்தான்.

"கண்ணுல மருந்து விடுறேன்க்கா. விட்டதும் மூடிக்கிட்டு கொஞ்ச நேரம் அப்படியே இருங்க. கசக்காதீங்க. தண்ணி படக்கூடாது."

ஏறக்குறைய என் பெட்டி சொன்ன அதே வார்த்தைகள். கட்டிலில் இருந்தவர் விறைத்துப்போனார். சொட்டு விழுந்தது. அவர் மூடவில்லை. விரலால் இமையைப் பிடித்து நிறுத்திக்கொண்டார், கண்ணீரும் மருந்துமாகக் கன்னத்தில் இறங்கியது. மூடுங்கக்கா என்று நர்ஸ் சொல்லச் சொல்ல, நல்ல கண்ணால் என்னைத் தேடிப் பிடித்தார்.

"டீச்சர், இது எந்த மருந்து?"

பிற்பாடு பெட்டியைத் திரும்பத் திறந்தபோது, என் சட்டத்தை அழித்துவிட்டு அந்தக் கேள்வியைத்தான் அவர் கேட்டபடியே எழுதி வைத்தேன். இப்போது யார் மருந்து என்று சொன்னாலும் பெட்டி முதலில் அதைக் கேட்டுவிட்டுத்தான் மேலே போகும். சோதனைக் கேள்விகளைக் கங்காணியும் மற்ற பெண்களும் தங்கள் வாயால் பேசித் தருகிறார்கள், நான் டைப் செய்வதில்லை. சிவப்புத் தொப்பிக்காரருக்குப் பார்வை போகவில்லை. ஓரத்தில் மட்டும் கொஞ்சம் புகை மாதிரி தெரிவதாகச் சொல்கிறார்.

ஆனால் அன்று அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. நர்ஸ் குப்பியோடு காத்திருந்தார். நான் அதை வாங்கி, மேலே எழுதியிருந்ததை இரண்டு தடவை படித்தேன். இது கண்ணுக்கு விடுற மருந்துதான்க்கா, மூடிக்குங்க என்றேன்.

அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு விரலை எடுத்தார். அன்று என் பேச்சை நம்பி அவர் கண்ணை மூடியது அது இரண்டாவது தடவை.