ஆளில்லாத வீட்டுக் கராச்சிலை ஆரோ கதைக்கினம்

வீடு துப்பரவாக்கிற தொழிலிலை தூசியும் பூரானும் ஒரு பிரச்சினையே இல்லை. கடலுக்கு அங்காலை இருக்கிற சொந்தக்காரர் "ஒண்டையும் எறியாதையுங்கோ, ஆனா எல்லாத்தையும் எடுத்துப்போடுங்கோ" எண்டு சொல்லுறதுதான் பிரச்சினை. என்னை மாதிரி இந்தத் தொழிலிலை கிடந்து மாயிற ஆக்களுக்கும், கதவைத் திறந்தா சாமான் தலையிலை விழுமெண்டு கார் விடுற கராச்சை வருசக்கணக்காப் பூட்டி வைச்சிருக்கிற ஆக்களுக்கும் இதை எழுதுறன். யாழ்ப்பாணம் பஸ் ஸ்ராண்டிலை நிண்டு போனிலை தட்டுறன், அடுத்த வீட்டு வேலைக்கு ஏற முந்தி முடிக்கவேணும்.

எங்கடை கொம்பனி எண்டா நானும் மெட்டில்டா அக்காவும் ரெண்டு தும்புத்தடியும்தான். அக்கா குருநகர் ஆள். பாம்பைக் கண்டாலும் "உதிலை நில், வாறன்" எண்டு தடி தேடிப் போற மனுசி. போன மாதம் அச்சுவேலிப் பக்கம் ஒரு வீட்டிலை வேலை. அந்த ஒரு கிழமையிலை அக்கா சிலுவை போட்டதை எண்ணுறதை நான் இடையிலை விட்டிட்டன்.

திறப்பு வந்த விதம்

வேலை தந்தவர் சிவா அண்ணை, ரொறன்ரோவிலை இருக்கிறார். தங்கச்சி வசந்தி அக்கா லண்டனிலை. வீடு இவையின்ரை அம்மாவின்ரை சீதன வீடு. தகப்பன் ஐயா செத்து அஞ்சு வருசம், அண்டையோடை அம்மாவைக் கனடாவுக்குக் கூட்டிக்கொண்டு போயிட்டினம். வீடு பூட்டு. இப்ப வாங்கிறதுக்கு ஆள் வந்திட்டுது, வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு அந்தாளிட்டை பூட்டுத் திறப்பைக் குடுக்கவேணும். அம்மாவின்ரை அற்றோணித் தத்துவம், அதுதான் அவவுக்காகக் கையெழுத்து வைக்கிற அதிகாரம், அண்ணையின்ரை கையிலை இருக்கிறதாலை எழுத்து வேலை ஒரு கரைச்சலும் இல்லையாம்.

எல்லாம் சொல்லி முடிச்சுப்போட்டு அண்ணை குரலை இறக்கினார். பக்கத்து அறையிலை அம்மா இருந்தவவாக்கும்.

"தம்பி, வீடு விக்கிறது அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா மனுசி தாங்காது. அதாலை ஒரு படமும் பேஸ்புக்கிலை போட்டுடாதை."

மூடி

திங்கட்கிழமை காலமை பத்து மணி. வெளியிலை வெய்யில் கொழுத்துது. கராச்சுக் கதவைத் தள்ளினா உள்ளுக்கை வேறை காலநிலை! குளிர். நடுவிலை ஐயாவின்ரை பழைய சோமசெற் கார், நாலு சில்லும் காத்துப் போய் முழங்காலிலை நிக்கிற மாடு மாதிரி. அதைச் சுத்தி நாப்பது வருசச் சாமான். கம்பி மட்டும் மிஞ்சின குடையள், ஒற்றைச் செருப்புகள், சீற் இல்லாத சைக்கிள் மூண்டு, கிழிக்காத கலண்டர்கள், "ஒருநாளைக்குத் தேவைப்படும்" எண்டு எடுத்து வைச்ச வெறும் போத்தல்கள். அந்த ஒருநாள் ஆருக்கும் வந்ததில்லை, உங்களுக்கும் தெரியும்தானே.

நான் காருக்குப் பின்னாலை கிடந்த பெரிய தகரப் பேணியைத் தூக்கி, மூடியிலை கை வைச்சன்.

"திறக்காதை."

கிணத்துக்குள்ளையிருந்து கதைக்கிற மாதிரி ஒரு கரகரத்த குரல். ஆம்பிளையோ பொம்பிளையோ தெரியேல்லை. பேணிக்குள்ளை என்னவோ இரையுது. மெல்லமாக் கீழை வைச்சன். ஓரத்து ஓட்டையாலை குளவி ஒண்டு வந்து, மூடிக்கு மேலை நடந்து, திரும்ப உள்ளுக்கை போச்சுது. பிறகு இன்னொண்டு. பேணி முழுக்கக் குளவிக் கூடு! திறந்திருந்தா இண்டைக்கு இதை எழுத எனக்கு முகம் இருந்திராது.

அக்காதான் சொன்னவவெண்டு நினைச்சு "நன்றி அக்கா" எண்டு கத்தினன். அக்கா வீட்டின்ரை மற்றத் தொங்கலிலை இருந்து ஈரக் கையோடை வந்தா.

"நான் குசினியிலை நிண்டனான் தம்பி. மாதாவாணை என்ரை வாய் திறக்கேல்லை."

பின்னாலை திரும்பிற உருண்டை

பத்து நிமிசம் கழிச்சு அக்காதான் கண்டுபிடிச்சா. கூரை வளையிலை தோடம்பழம் அளவு வெள்ளை உருண்டை ஒண்டு. கமரா! நான் இடப்பக்கம் போனா இடப்பக்கம் திரும்புது, வலப்பக்கம் போனா வலப்பக்கம். காரின்ரை சில்லை ஆரோ கழட்டப் பாத்தாங்களெண்டு ஐயா மாட்டினதெண்டு பிறகு தெரிஞ்சுது. குசினியிலை ஒண்டு, விறாந்தையிலை ஒண்டு. கரண்டும் வைபையும் வெட்டாமல் விட்டிருக்கினம், அதாலை எல்லாம் வேலை செய்யுது. அதுக்குள்ளை ஸ்பீக்கரும் இருக்கு. எங்களுக்கு உயிர் திரும்பி வந்துது. "அண்ணை, குளவியிலை இருந்து காப்பாத்தினதுக்கு நன்றி" எண்டு அண்ணையும் தங்கச்சியும் இருக்கிற வட்ஸ்அப் குறூப்பிலை போட்டன்.

பின்னேரம் சிவா அண்ணையின்ரை பதில் வந்துது. "நான் கதைக்கேல்லைத் தம்பி. நீ சொல்லுற நேரம் இஞ்சை நடுச்சாமம், நான் நித்திரை. தங்கச்சியாத்தான் இருக்கும்." வசந்தி அக்கா உடனை, "நானோ? நான் உதைத் திறந்து பாத்து ஒரு வருசம். அண்ணைதான் பகிடி விடுறார்." நீதான், நீங்கள்தான் எண்டு ரெண்டுபேரும் கொஞ்சநேரம் பிடுங்குப்பட்டினம். அப்ப நான் சும்மா இருந்திருக்கலாம். பாஸ்வேட் வேறை ஆருக்குத் தெரியுமெண்டு கேட்டன். கடைசியா வசந்தி அக்கா ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டா.

"ஐயாவுக்குத் தெரியும். அண்ணை, உண்மையைச் சொல்லு, நீதானே கதைச்சனி?"

மிளகாய்த்தூள் முறைப்பாடு

செவ்வாய்க்கிழமை மத்தியானச் சமையலுக்குச் சந்திக் கடையிலை சாமான் வாங்கிக்கொண்டு வந்து குசினி மேசையிலை வைச்சம். கமரா மெல்லமாத் திரும்பிப் பையைப் பாத்துது. மின்விசிறி இல்லை, காத்து இல்லை, வீட்டிலை அந்தச் சின்ன மோட்டர்ச் சத்தம் மட்டும்தான்.

"உந்தக் கடைத்தூளையோ வாங்கினனீங்கள்? உது வெறும் நிறம். செத்தல் மிளகாயை வாங்கி வறுத்து மில்லிலை குடுத்து அரைப்பிக்கிறதுக்கு என்ன? கத்தரிக்காயும் முத்தல். கடைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு போட்டவன், நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கினனீங்கள்."

குரல் நிப்பாட்டேல்லை. "எழுது. சீனி ரெண்டு கிலோ. பால்மா ரெண்டு. ஒடியல்மா. நல்லெண்ணெய், போத்தலை மணந்து பாத்து வாங்கவேணும். வியாழக்கிழமைக்கிடையிலை எல்லாம் இந்த மேசையிலை இருக்கவேணும்." பிறகு ஒரு சொடக்குச் சத்தம். அவ்வளவுதான்.

வெறுமையாக்கிற வீட்டுக்கு ஆரும் சாமான் வாங்கிப் போடுவினமோ? நாங்கள் போட்டம். பயம்தான், ஒளிக்க என்ன இருக்கு. அச்சுவேலிச் சந்தையிலை அக்கா நல்லெண்ணெய்ப் போத்தலை மணந்து மணந்து பாத்துப்போட்டு என்ரை காதுக்குள்ளை கேட்டா.

"செத்த மனுசனுக்கு எதுக்கடா ரெண்டு கிலோ சீனி?"

கார் பொனட்டிலை படையல்

ஐயாதான் எண்டு முடிவெடுத்திட்டம். செத்தவீட்டு எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவுக்கு என்ன செய்வினம்? செத்தவருக்கு விருப்பமானதுகளைச் சமைச்சு, வாழையிலையிலை படைச்சு, கதவைச் சாத்திப்போட்டு எல்லாரும் வெளியிலை வந்து நிப்பினம். அவர் வந்து எடுத்துக்கொண்டு போவார். நான் அதைச் செய்வமெண்டன். அக்கா வேதக்காரி, தன்ரை பங்குக்கு ஒரு மெழுகுதிரியும் கொளுத்தினா. பக்கத்து வீட்டுக்காரரிட்டை விசாரிச்சம், ஐயாவுக்குப் பிளேன்ரீயும் சுருட்டும் இருந்தா சோறு தேவையில்லையாம்.

புதன்கிழமை மத்தியானம், கார் பொனட்டிலை வாழையிலை. பிளேன்ரீ, மோதகம், பத்தவைச்ச சுருட்டு. கதவைச் சாத்திப்போட்டு முதுகைக் காட்டிக்கொண்டு முத்தத்திலை நிண்டம். ஒரு காகமும் கத்தேல்லை. கதவு நீக்கலாலை சுருட்டுப் புகை மெல்லமா வெளியிலை வந்து எங்கடை காலடியிலை சுத்துது. அப்ப உள்ளுக்கையிருந்து ஒரு அலறல்!

"ஆரடா உங்கை சுருட்டுப் பத்தவைச்சது? வெளியிலை போய் ஊது, வெளியிலை போய் ஊது எண்டு அந்த மனுசனுக்கு நாப்பது வருசமாச் சொல்லிக் களைச்சனான். அது போய்ச் சேந்தாப் பிறகு இப்ப நீங்களோ? காருக்குக் கீழை பழைய எண்ணெய் கிடக்கு, வீட்டைக் கொளுத்தப்போறியளே!"

ஓடிப்போய்ச் சுருட்டை நூத்துப்போட்டுத்தான் எனக்கு மூளை வேலை செய்துது. இப்பிடி ஏசிறதுக்கு உலகத்திலை ஒரே ஒரு ஆளுக்குத்தான் உரிமை. "கனடா அம்மாவோ?" எண்டு கமராவைப் பாத்துக் கேட்டன். ஓமாம். பாஸ்வேட்டை ஐயா அவவின்ரை தேவாரப் புத்தகத்திலை எழுதிக் குடுத்தவராம். அங்கை இரவிலை நித்திரை வராதாம், போர்வைக்குள்ளை ரப்லெற்றை வைச்சு அஞ்சு வருசமா இந்த வீட்டைப் பாத்துக்கொண்டு கிடக்கிறாவாம். குளவி பேணிக்கை கூடு கட்டினது, மழைக்கு ஓடு விலகினது, எல்லாம் தெரியும். போர்வைக்குள்ளை வாயைப் பொத்திக் கதைக்கிறதாலைதான் அந்தக் குரல். பிள்ளையளுக்குத் தெரியாமப் பாத்தனீங்களோ எண்டு நான் மரியாதையாத்தான் கேட்டன்.

"என்ரை வீட்டை நான் பாக்கிறதுக்கு ஆரிட்டைத் தம்பி கேக்கவேணும்?"

கழட்டின நாள்

அம்மாவுக்குத் தெரியாதெண்டு சிவா அண்ணை நினைச்சுக்கொண்டிருக்கிறார். அவவோ நாங்கள் கட்டிலைக் கழட்டினதையும் அலுமாரியை ஏத்தினதையும் ஒவ்வொண்டாப் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறா! கரண்ட் பில்லுக்குப் பேர் மாத்தவெண்டு சொல்லித்தான் தன்னட்டை அற்றோணிக்குக் கையெழுத்து வாங்கினதெண்டும் சொன்னா. அழுவாவெண்டு நினைச்சன். அழேல்லை. "சிவாவுக்குச் சொல்லாதை" எண்டா, அவ்வளவுதான். வேலை தந்தவர் அண்ணை, வீடு அம்மாவின்ரை. நீங்கள் என்ன செய்திருப்பியள்? நான் வாயை மூடிக்கொண்டன்.

வியாழக்கிழமை அண்ணையின்ரை உத்தரவு, கமராவையும் கழட்டட்டாம். ஏணியிலை ஏற ஏற அந்த உருண்டை என்ரை முகத்தையே பாத்து நிமிந்துகொண்டு வருது. அஞ்சு வருசமா ஒரு மனுசி பாத்த யன்னலை நான் அடைக்கப்போறன். வயரிலை கை வைச்சுக்கொண்டு "அம்மா, குறை நினைக்காதையுங்கோ" எண்டன். ஸ்பீக்கருக்குள்ளை எங்கையோ ஆக்கள் கூட்டமா நடக்கிற சத்தமும் அறிவிப்புச் சொல்லுற சத்தமும் கேட்டுது. போர்வைக்குள்ளை கிடந்து கதைக்கிற சத்தம் இல்லை அது.

"கழட்டு மோனை. பாத்தது போதும்."

வெள்ளிக்கிழமை ஒம்பதரை

மூண்டு கமராவும் என்ரை பையுக்கை. வீடு வெறுமை. மேசையிலை நாங்கள் வாங்கிப் போட்ட சாமான் மட்டும், அதை எடுக்க எங்கள் ரெண்டுபேருக்கும் மனம் வரேல்லை. சிவா அண்ணை வீடியோக் கோலிலை. "ஒவ்வொரு அறையாக் காட்டு தம்பி, பாத்திட்டுக் குடுப்பம்." விறாந்தை, சாமியறை, படுக்கையறை. நான் எடுத்து வைக்கிற அடியெல்லாம் சுவரிலை பட்டு ரெண்டாத் திரும்பி வருது. அப்ப குசினிக்குள்ளையிருந்து ஒரு குரல்.

"நல்லெண்ணெயை மணந்து பாத்துத்தான் வாங்கியிருக்கிறியள்."

கரகரப்பு இல்லை. கிணறு இல்லை. பக்கத்திலை நிண்டு கதைக்கிற மாதிரித் தெளிவு. மெட்டில்டா அக்கா என்ரை சேட்டைப் பிடிச்ச பிடியிலை பொத்தான் ரெண்டு தெறிச்சுது. கமரா பையுக்கை, குரல் குசினியுக்கை! போனையும் பிடிச்சுக்கொண்டு எட்டிப் பாத்தன். மெலிஞ்ச ஒரு அம்மா, சீலைக்கு மேலை கனடாக் குளிர்ச் சட்டை, காலடியிலை எயார்போட் சிட்டை ஒட்டின பெட்டி. பின்வாசல் படலையாலை வந்து எங்கடை சட்டியிலை அடுப்பிலை தண்ணி வைச்சிட்டா. எயார்போட்டிலை வீல்செயார் கேட்டவவாம், ராசாத்தி மாதிரித் தள்ளிக்கொண்டு வந்து வாடகை வான் ஒண்டிலை ஏத்திவிட்டாங்களாம்.

போனிலை அண்ணையின்ரை வாய் திறந்தபடி. "அம்மா, மொன்றியலிலை சிநேகிதி வீட்டை எல்லோ நிக்கிறியள்?"

"அங்கை குளிர் மோனை. பதினொரு மணிக்கு நொத்தாரிசிட்டை போறன், அந்த அற்றோணியை ரத்துச் செய்துபோட்டு வந்து உன்னோடை ஆறுதலாக் கதைக்கிறன். போய்ப் படு, அங்கை நேரமாச்சு."

அந்த நேரம் பாத்து முன்படலையிலை மோட்டச்சைக்கிள் நிண்டுது, வீடு வாங்க வந்தவர். அம்மா எங்கடை கப்பிலை ஒண்டை மேலதிகமா எடுத்து வைச்சுப்போட்டு யன்னலாலை எட்டிப் பாத்தா.

"உள்ளுக்கை வாங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம். கதிரை இல்லை, நிண்டுகொண்டுதான் குடிக்கவேணும். வீடு குடுக்கிறதில்லை."

காலி வீட்டைத் துப்பரவாக்கிறது கரைச்சல் இல்லாத வேலையெண்டு நான் இப்பவும் சொல்லுவன், என்ன, இதுவரைக்கும் எனக்கு ஒரு காலி வீடும் ஆப்பிடேல்லை.